‘பிள்ளை’ என்னும் தலைச்சொல்: பெயர்வழி வாசிப்பின் பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே பின்னொட்டுப் பெயரைத் தாங்கிய ஆசிரியர்களின் நூல்களைத் துறை வேறுபாடு கருதாது தொடர்ந்து வாசித்தல் ஒருவகைத் தற்செயல் வாசிப்பு. தமிழில் அதற்கு வாய்ப்பான பெயர் ‘பிள்ளை’. இப்பெயரின்கீழ் நாட்குறிப்பு, புதினம், நாடகம், பதிப்பு, காலக்கணிப்பு, கோயில் வரலாறு எனப் பல துறை நூல்கள் வந்து சேர்கின்றன. இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது, இன்று வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கும் நூல்களுக்கிடையே இருந்த உறவு புலப்படுகிறது என்பதையும், அவ்வுறவைச் சாதியைக் கொண்டு விளக்கிவிட முடியாது என்பதையும், இந்த அடுக்கில் இடம்பெறாதோரையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

கருச்சொற்கள்: பிள்ளை, நூற்பட்டி, பெயர்வழி வாசிப்பு, காலக்கணிப்பு, மருமக்கள்வழி, வையாபுரிப் பிள்ளை, சுந்தரம் பிள்ளை

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்பு முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைப் படித்துக் கருத்துரைக்கும் பொறுப்பு இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. மாணவர் துணைநூற்பட்டியலைக் கணினிச் செயலி ஒன்றைக்கொண்டு ஆங்கில முறையில் அகரவரிசைப்படுத்தியிருந்தார். விளைவாக வையாபுரிப் பிள்ளை, சிவராஜ பிள்ளை, சுந்தரம் பிள்ளை, கனகசபைப் பிள்ளை, தாமோதரம் பிள்ளை ஆகிய அனைவரும் தத்தம் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கிக்கொண்டு, ‘பிள்ளை’ என்ற ஒற்றைத் தலைச்சொல்லின்கீழ் ஒரு முழுப்பக்கத்துக்கு வரிசையாக நின்றனர். யார் எவர் என்று பிரித்தறிய இயலவில்லை. பிழை எனச் சிவப்பு மையால் அடித்தாயிற்று. அடித்தபின் அப்பக்கத்தை மீண்டும் ஒருமுறை படிக்க நேர்ந்தது. அகராதி, நாடகம், சோதிடக் கணிதம், சைவ சித்தாந்தம், பதிப்பு என்று எந்தத் துறைசார் பட்டியலிலும் ஒன்றாக வந்திராத நூல்கள் அங்கே அடுத்தடுத்து இருந்தன. பிழையான அந்தப் பக்கம் சரியான பல பட்டியல்களைவிடச் சுவையுடையதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

குடும்பப்பெயர் என்பது தமிழ்ப் பெயரிடல் மரபில் இல்லாத ஒன்று. ஊரின் அல்லது தந்தையின் பெயருக்குரிய முதலெழுத்தும் இயற்பெயருமே தமிழர் பெயர். அதன்பின் வரும் சாதிப்பட்டம் ஐரோப்பியர் கருதும் பொருளில் குடும்பப்பெயர் ஆகாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் முதல் நூலகராகிய சீர்காழி இரா. அரங்கநாதன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1934இல் வெளிவந்த அவரது நூற்பட்டி விதித்தொகுப்பு, தென்னிந்தியப் பெயரின் இறுதிச்சொல் சாதியை மட்டும் குறிப்பதாயின் அதனைத் தனியே முன்னிறுத்தாமல், முந்தைய சொல்லோடு சேர்த்து இயல்பான வரிசையிலேயே பதிவுசெய்ய வழிசெய்தது. அவ்விதிப்படி வையாபுரிப் பிள்ளை வகர வரிசைக்கும் சுந்தரம் பிள்ளை சகர வரிசைக்கும் உரியவர். இருவரும் ஒரே அடுக்கில் சந்திக்க வழியில்லை. ஆகவே இங்கு ‘பிள்ளை அடுக்கு’ என்று குறிக்கப்படுவது முறையான நூலகம் உருவாக்கியதன்று. அயல்மொழி மேற்கோள் முறை தமிழ்ப் பெயர்மீது ஏறியதால் விளைந்தது. அந்த விளைவை வேண்டுமென்றே ஒரு வாசிப்பு முறையாகக் கைக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒரு சொல், பல மரபுகள்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கவேண்டும். ‘பிள்ளை’ என்றவுடன் வேளாளர் என்று கொள்வது பொது வழக்கு. அடுக்கோ அதனை ஏற்கவில்லை. அதன் தொடக்கத்திலேயே நிற்பவர் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துக்கு உரைகண்ட பெரியவாச்சான் பிள்ளை. அவர் அந்தணர், அவர் பெயரில் உள்ள ‘பிள்ளை’ வைணவ ஆசாரிய மரபின் உயர்வுச் சொல். புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இடையர் குலத்தவர். ‘செம்மீன்’ எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளையும் மலையாள வரலாற்றுப் புதினத்தின் முன்னோடியான சி.வி. இராமன் பிள்ளையும் நாயர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் கத்தோலிக்கர். இசைவேளாளர் பலரும் இப்பட்டத்தைத் தாங்கியவர்களே. எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இல்லை. சுசீந்திரம் கோயில் பற்றிய ஆய்வை 1953இல் வெளியிட்ட கே.கே. பிள்ளையின் ஆங்கில நூல்களில் இப்பெயரின் இறுதி எழுத்தே வேறு. ஒரே சொல் ஓரிடத்தில் ஆசாரியப் பட்டமாகவும், ஓரிடத்தில் அரசு தந்த மதிப்பாகவும், ஓரிடத்தில் சாதியாகவும் நிற்கிறது. இவ்வளவு தளர்வான ஒரு சொல் காரணவிளக்கத்துக்கு உதவாது. வழிகாட்டியாக மட்டும் உதவும்.

1891, திருவனந்தபுரம்

அடுக்கின் மிகச் செழிப்பான பகுதி இதுவே. 1891ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய இரு ‘பிள்ளை’கள் இரு நூல்களை வெளியிட்டனர். பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ ஒன்று, சி.வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ மற்றொன்று. முன்னது தமிழ் இலக்கிய வரலாற்றில் நாடகம் என்ற தலைப்பில் பேசப்படுகிறது. பின்னது மலையாள இலக்கிய வரலாற்றில் புதினம் என்ற தலைப்பில் பேசப்படுகிறது. தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் ஒரே கட்டடத்தில் இயங்கும் கல்லூரிகளில்கூட இவ்விரண்டையும் ஒருசேரப் பாடம் நடத்துவது அரிது.

இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு முதலில் தோன்றுவது, இரண்டும் ஆட்சியுரிமை பற்றிய நூல்கள் என்பது. சுந்தரம் பிள்ளை லிட்டனின் ஆங்கிலக் கதைப்பாடலிலிருந்து கதைக்கருவைப் பெற்றார் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் பகை மூள்வதற்கு அவர் தேர்ந்த காரணம் நாஞ்சில் நாடு. அந்நிலம் யாருக்குரியது என்ற வினா லிட்டனிடம் இல்லை. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடி ஆராய்ந்த ஒருவருக்கே அது தோன்றக்கூடியது. திருவிதாங்கூரின் முற்கால அரசர் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுரைகளை வரலாற்றுத் துறையினரும், நாடகத்தைத் தமிழ்த்துறையினரும் வாசிக்கின்றனர். கல்வெட்டாய்வாளர் சுந்தரம் பிள்ளையை அறியாதவருக்கு நாடகத்தில் வரும் நாஞ்சில் நாடு வெறும் கதைத் தேவையாகத் தோன்றும்.

இராமன் பிள்ளையின் புதினம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மார்த்தாண்டவர்மா அரியணை ஏறுவதற்கு முற்பட்ட சூழ்ச்சிகளைப் பேசுகிறது. மருமக்கள்வழி முறைப்படி மருமகனுக்குரிய அரசுரிமையை மறைந்துகொண்டிருக்கும் மன்னரின் மகன் கோருகிறான். அவனுக்குத் துணைநிற்போர் எட்டுவீட்டுப் பிள்ளைமார். பெயர்வழி வாசிப்பில் இறங்கியவருக்கு இங்கே ஒரு நகைமுரண் காத்திருக்கிறது: ஆசிரியர் தாங்கிய பட்டமும் கதையின் எதிர்நிலைத் தலைவர்கள் தாங்கிய பட்டமும் ஒன்றே. நாயர் பிரபுக்களின் அதிகாரம் முடியாட்சியின்முன் நொறுங்கியதை ஒரு நாயர் எழுதுகிறார். அவர் யார் பக்கம் நிற்கிறார் என்ற வினாவுக்கு அப்பட்டம் விடை தருவதில்லை.

மூன்றாவதாக, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அடுக்கிலிருந்து கைக்கு வருகிறார். குழந்தைப் பாடல்களாலும் மொழிபெயர்ப்புகளாலும் அறியப்பட்ட அவரது ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ அங்கத நூலாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது. தந்தை தேடிய பொருள் மகனைச் சேராது மருமகனைச் சேரும் முறையால் நாஞ்சில் நாட்டு வேளாளர் இல்லங்களில், குறிப்பாக மனைவியர்க்கு நேர்ந்த அல்லல்களை அது பாடுகிறது. இராமன் பிள்ளையின் புதினத்தில் அரியணையைச் சுற்றி நிகழ்ந்த அதே வழக்கு, இங்கே அடுக்களையிலும் நெற்குதிரைச் சுற்றியும் நிகழ்கிறது. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கான சட்டத்தை இயற்றி இம்முறையை மாற்றியமைத்தது. ஆகவே மான்மியத்தை நகைச்சுவைக் கவிதையாக மட்டும் வாசிப்பது அதன் வலியைப் பாதி குறைப்பதாகும். அதே கவிமணி காந்தளூர்ச் சாலை பற்றி ஆய்வுரை எழுதிய கல்வெட்டறிஞர் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. நாஞ்சில் நாடு என்ற ஒரே நிலம், சுந்தரம் பிள்ளைக்கு நாடகக் களமாகவும் கவிமணிக்குக் குடும்ப வழக்காகவும், இருவருக்கும் கல்வெட்டுப் புலமாகவும் இருந்திருக்கிறது. நாடகம், புதினம், அங்கதம், கல்வெட்டியல் என்று நான்கு துறைகள் பங்கிட்டுக்கொண்ட ஒரே சிக்கல் இது. துறைவழிப் பாடத்திட்டம் இதனைக் காட்டவில்லை. பிழையாக அமைந்த ஒரு பட்டியல் காட்டியது.

காலம் என்னும் வழக்கு

அடுக்கின் மற்றொரு பகுதியில் ஒரு நீண்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்குப் பொருள் தமிழிலக்கியத்தின் காலம். ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்’ என்ற தமது ஆங்கில நூலில் (1904) கனகசபைப் பிள்ளை, கயவாகு ஒத்திசைவைத் துணைகொண்டு சங்க காலத்தைக் கி.பி. 50க்கும் 150க்கும் இடையில் வைத்தார். சுவாமிக்கண்ணுப் பிள்ளை சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நாளுக்குச் சொல்லப்படும் திங்கள், திதி, கிழமை, நாள்மீன் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கி.பி. 756 என்றார். கே.என். சிவராஜ பிள்ளை 1932இல் வெளியிட்ட காலவரிசை நூலில், முச்சங்கக் கதையை ஒதுக்கிவிட்டு, பாடல்களுக்குள் புலவரும் அரசரும் ஒருவரையொருவர் குறிப்பிடும் இடங்களை மட்டுமே சான்றாகக் கொண்டு தலைமுறை அட்டவணை அமைத்தார். 1956இல் வெளிவந்த வையாபுரிப் பிள்ளையின் தமிழ் மொழி இலக்கிய வரலாற்று நூல் சொல்லாட்சி, வடமொழித் தொடர்பு ஆகியவற்றைக் கொண்டு பல நூல்களைப் பின்தள்ளியது.

ஒரே பட்டம் தாங்கிய நால்வர். முடிவுகளுக்கிடையே அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. சைவ வேளாளப் புலமை தமிழின் தொன்மையை உயர்த்திப் பிடித்தது என்ற பொதுக்கூற்று இன்றைய திறனாய்வில் எளிதாகச் சொல்லப்படுகிறது. சுந்தரம் பிள்ளையையும், சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் தந்த நல்லசாமிப் பிள்ளையையும், மு.சி. பூரணலிங்கம் பிள்ளையையும் வைத்துப் பார்த்தால் அது பொருந்துவதுபோல் தோன்றும். வையாபுரிப் பிள்ளையிடம் வந்ததும் அது முறிந்துவிடுகிறது. முறிந்த இடத்தில் அவரை விதிவிலக்கு என்றோ, இனத்துக்கு மாறுபட்டவர் என்றோ கூறி நகர்வது வழக்கமாயிற்று. அவரைத் தமிழ்ப் பகைவராக எண்ணிப் பேசியோர் பலர். தமிழ்த்தாய் வாழ்த்து இடம்பெற்ற மனோன்மணீயத்தை 1922இல் பதிப்பித்தவர் அவரே என்பதையும், அந்நாடகம் முதலில் அச்சேறிய அதே 1891இல் அவர் பிறந்தார் என்பதையும், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் பத்தாண்டு உழைத்தவர் அவர் என்பதையும் அப்பேச்சு கணக்கில் எடுத்ததில்லை.

சுந்தரம் பிள்ளையும் வையாபுரிப் பிள்ளையும் எதிரெதிர் முனைகள் என்று கொள்வதும் சரியன்று. 1895இல் வெளிவந்த தமிழிலக்கிய மைல்கற்கள் பற்றிய ஆய்வில் சுந்தரம் பிள்ளை, திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குத் தள்ளிய கால்டுவெல் முதலியோர் கருத்தைக் கல்வெட்டுச் சான்றால் மறுத்தார். அவர் ஒரு நூலாசிரியரை முன்னே கொண்டுவந்தார். வையாபுரிப் பிள்ளை பலரைப் பின்னே கொண்டுசென்றார். இருவரும் செய்த வேலை ஒன்றே: மரபாகச் சொல்லப்படுவதைச் சான்றின்முன் நிறுத்துதல். சான்று எந்தத் திசையில் இட்டுச் சென்றதோ அத்திசையில் சென்றனர். வையாபுரிப் பிள்ளையின் முடிவுகளுள் பல இன்று ஏற்கத்தக்கன அல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தும். ஒரு வடசொல்லின் வரவைக் கொண்டு ஒரு நூலின் காலத்தை இறக்கும் அவரது துணிவு சில இடங்களில் அளவு மீறியது. ஆனால் முடிவின் பிழை வேறு, நோக்கத்தின் பிழை வேறு.

இவர்களைப் பிணைப்பது சாதி இல்லையெனில் வேறெது? அடுக்கைத் தொடர்ந்து வாசிப்பவர் கண்ணில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் படும். இவர்களுள் வியக்கத்தக்க அளவினர் நீதித்துறையினர். வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் மாவட்ட முன்சீப். நல்லசாமிப் பிள்ளையும் மாவட்ட முன்சீப். சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். கும்பகோணத்தில் வழக்கறிஞர், பின் புதுக்கோட்டையில் நீதிபதி. வ.உ. சிதம்பரம் பிள்ளை வழக்கறிஞர். வையாபுரிப் பிள்ளையும் திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்தவர். கா. சுப்பிரமணிய பிள்ளை சட்டப் பேராசிரியர்.

இதனை வாழ்க்கைக் குறிப்பு என்று தள்ளிவிடலாகாது. பாடபேதங்களை ஒப்பிட்டு ஒன்றை ஏற்பதும் மற்றொன்றை விலக்குவதும் சாட்சிகளை விசாரிக்கும் பயிற்சியோடு நெருங்கியவை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளை வாசிப்பவர் அவற்றின் வழக்காடு நடையை உணரத் தவறமாட்டார். எந்த ஊர் ஏடு, எந்நிலையில் கிடைத்தது, எதை ஏன் கொண்டேன் என்று அவர் கூறும் முறை தமிழ்ப் பதிப்புலகில் ஒரு வாக்குமூல மரபைத் தொடங்கிவைத்தது. சிதம்பரம் பிள்ளை தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தபோது துணைநின்றவர் வையாபுரிப் பிள்ளை. ஒரு வழக்கறிஞர் மற்றொருவருக்குச் செய்த உதவி அது. சான்றை எடைபோடும் பயிற்சி இருந்தும் தவறு நேரும் என்பதற்குச் சிதம்பரம் பிள்ளையே எடுத்துக்காட்டு: பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்ததெனக் கருதி அவர் 1917இல் உரையுடன் வெளியிட்ட ‘இன்னிலை’ பிற்காலப் புனைவு என்பது பின்னர் அறிஞர் கொண்ட முடிவு.

வேதநாயகம் பிள்ளையிடம் இவ்வுறவு இன்னும் நேரடியானது. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ எனத் தந்தவர் அவர். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதற் புதினம் என்ற பெருமையோடு பாடமாகிறது. கதைக்கட்டு தளர்ந்தது, அறவுரை மிகுந்தது என்ற குறையும் உடன் சொல்லப்படுகிறது. கட்சிக்காரரும் வழக்கறிஞரும் நீதிபதியும் தமிழராக இருக்கையில் ஆங்கிலத்தில் வாதம் நடப்பதை அப்புதினம் கண்டிக்கும் பகுதி அத்தகைய தளர்வுக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. தீர்ப்புத் தொகுப்பை அறிந்தவருக்கு அது கதையை விட்டு விலகிய இடமாகத் தோன்றாது. தமிழ் உரைநடையை அவர் எதன்பொருட்டு உருவாக்கினாரோ, அதன் நெஞ்சே அவ்விடத்தில் இருக்கிறது. சட்டநூல் சட்டக்கல்லூரிக்கும் புதினம் தமிழ்த்துறைக்கும் எனப் பிரிந்தபின் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர் இல்லாமற் போயினர்.

சுந்தரம் பிள்ளை அறிவுத்துறைகளை வகைப்படுத்தி ‘நூற்றொகை விளக்கம்’ என்று ஒரு சிறுநூல் எழுதினார். துறைகளை வகுக்கத் தெரிந்தவர் ஒரு துறைக்குள் அடங்கியிருக்கவில்லை.

அடுக்கில் இல்லாதோர்

இந்த வாசிப்பைப் பரிந்துரைக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மேலே கூறப்பட்ட அனைவரும் ஆண்கள். இது தற்செயலன்று. ‘பிள்ளை’ ஆண்பாற் பட்டம். அக்குடும்பங்களில் பிறந்த பெண் எழுதியிருப்பினும் ‘அம்மாள்’ என்றே அறியப்பட்டிருப்பாள், இந்த அடுக்குக்கு வந்திருக்கமாட்டாள். வேதநாயகம் பிள்ளை ‘பெண்மதி மாலை’ பாடினார். கவிமணி மருமக்கள்வழியால் நலிந்த பெண்ணின் குரலில் பேசினார். பெண்களைப் பற்றி அடுக்கு நிறையப் பேசுகிறது; பெண்கள் அதில் பேசுவதில்லை. முன்சீப் பதவியும் பல்கலைக்கழகப் பட்டமும் யாருக்கு எட்டின, யாருக்கு எட்டவில்லை என்பதும் இங்கேயே கேட்கவேண்டிய வினா. நீதித்துறைப் பயிற்சியே இவர்களைப் பிணைத்தது என்று மேலே கூறியதை, அப்பயிற்சிக்கான வாயில் எல்லாச் சாதியினர்க்கும் திறந்திருந்தது என்று கொள்ளலாகாது. சாதி இவர்களின் கருத்தைத் தீர்மானிக்கவில்லை. கருத்துரைக்கும் இடத்தில் யார் அமர்வது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது.

மற்றொரு குழுவினர் தாமே வெளியேறியவர்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. அதற்கு முன்பே வேதாசலம் பிள்ளை மறைமலையடிகள் ஆகியிருந்தார். சொக்கலிங்கம் பிள்ளையின் மகன் விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்ற பெயரில் எழுதினார். தமிழ் உரைநடைப் புனைவின் தலைசிறந்த ஒருவரை இந்த அடுக்கு தவறவிட்டது அவ்வாறே. அடுக்கு 1930களுக்குப்பின் மெலிந்துகொண்டே வருவதற்குக் காரணம் எழுதுவோர் குறைந்தது அன்று. பட்டத்தோடு எழுதுவோர் குறைந்தது. தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மகிழத்தக்க குறைவுகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் இதனால் ஆய்வாளர்க்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்துள்ளது. பாடநூல்கள் இன்று பழைய ஆசிரியர்களின் பட்டத்தையும் நீக்கி இராமலிங்கனார், மீனாட்சிசுந்தரனார் என்று அச்சிடுகின்றன. பள்ளியில் ‘வெ. இராமலிங்கனார்’ என்று கற்ற மாணவர், நூலகத்தில் 1930களின் பதிப்பைத் தேடும்போது ‘இராமலிங்கம் பிள்ளை’யைக் கண்டு இருவேறு ஆசிரியர் என மயங்குவதை வகுப்பில் கண்டதுண்டு. பட்டத்தைத் தாமே துறந்தவர் வேறு, இறந்தபின் பட்டம் நீக்கப்பட்டவர் வேறு. வையாபுரிப் பிள்ளை தம் இறுதி நூல்வரை அப்பெயரிலேயே எழுதினார். மறைமலையடிகள் அவ்வாறு செய்யவில்லை. இவ்வேறுபாடு அவரவர் எடுத்த முடிவு, வரலாற்றுச் செய்தி. துணைநூற்பட்டியலில் தலைப்பக்கத்தில் உள்ள பெயரையே இயல்பான வரிசையில் பதிந்து, இன்று வழங்கும் பெயரை அடுத்துச் சுட்டினால் இரண்டும் காக்கப்படும். தொடக்கத்தில் குறிப்பிட்ட மாணவரிடமும் அவ்வாறே திருத்தச் சொல்லப்பட்டது. பிழையான பழைய பக்கத்தின் படி ஒன்றை மட்டும் இக்கட்டுரையாளர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.